பார்த்துக்கொண்டே இருப்பவரின் கவனம் எப்படிச் சரிகிறது: அளந்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையின் கரையோரப் பிரிவு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களை ரேடார் கொண்டு தேடியது. திரையில் எப்போதோ ஒருமுறை ஒரு சிறு புள்ளி தோன்றும். மற்ற நேரமெல்லாம் ஒன்றுமே இருக்காது. நல்ல பயிற்சி பெற்றவர்களே நேரம் போகப்போகப் புள்ளிகளைக் கோட்டைவிட்டார்கள். ஓர் ஆளை எவ்வளவு நேரம் திரைமுன் உட்காரவைக்கலாம் என்ற கேள்வி கேம்பிரிட்ஜில் இருந்த உளவியலாளர் நார்மன் மேக்வொர்த்திடம் போனது.

அவர் செய்த கருவி மிக எளிது. எண்களே இல்லாத வெள்ளை முகப்பில் ஒரு கறுப்பு முள். நொடிக்கு ஒரு தாவல், நூறு தாவலில் ஒரு சுற்று. எப்போதாவது முள் ஒரே தாவலில் இரட்டைத் தூரம் போகும். அதைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரமும் இதே வேலை. முதல் அரை மணியில் இரட்டைத் தாவல்களில் சுமார் 15 சதவீதம் தவறின. அடுத்த அரை மணியிலேயே அது 25 சதவீதத்தைத் தாண்டியது. அதன்பின் பெரிதாக ஏறவில்லை. 1948இல் அவர் இதை வெளியிட்டார். கண்காணிப்பு ஆய்வுகள் இன்றுவரை இந்தக் கடிகாரத்தைச் சுற்றித்தான் ஓடுகின்றன.

இதே மாதிரியான ஒரு சோதனையை ஒரு மடிக்கணினி, ஒரு மூடிய அறை, சில தன்னார்வலர்கள் ஆகியவற்றோடு நீங்களும் செய்யலாம். உளவியல், மனிதக் காரணிகள், பாதுகாப்புப் பொறியியல் படிப்பவர்கள் புராஜெக்ட்டாக எடுக்க நல்ல தலைப்பு. ஆனால் பெரும்பாலோர் ‘தவறவிட்டது எத்தனை’ என்று எண்ணுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த எண் மட்டும் இருந்தால் எது சரிந்தது என்று சொல்லவே முடியாது. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அதைப் பிரித்தறிவது பற்றித்தான்.

படி 1: எதை அளக்கப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

நாற்பதாவது நிமிடத்தில் ஒருவர் இரட்டைத் தாவலைத் தவறவிட்டார் என்று வையுங்கள். அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்.

ஒன்று, ஒற்றைத் தாவலையும் இரட்டைத் தாவலையும் பிரித்துப் பார்க்கும் திறனே மங்கியிருக்கலாம். இதை உணர்திறன் என்போம். இரண்டு, திறன் அப்படியே இருக்க, ‘உறுதியாகத் தெரிந்தால்தான் அழுத்துவேன்’ என்று அவர் தன் வரம்பை உயர்த்தியிருக்கலாம். இலை அசைந்தாலே எழுந்து பார்க்கும் இரவுக் காவலர், கண்ணாடி உடையும் சத்தம் கேட்டால்தான் எழுவேன் என்று மாறுவது போல. காதில் குறை ஒன்றும் இல்லை. மூன்று, அந்த நொடியில் ஆளே அங்கே இல்லை. கண் திரையில் இருக்கிறது, மனம் வேறெங்கோ. இதை இடைவெளி என்று சொல்லலாம்.

மருந்தும் மூன்றுக்கும் வேறு. வரம்பு ஏறியிருந்தால், சிக்னல் (இங்கே இரட்டைத் தாவல்) எவ்வளவு அடிக்கடி வரும் என்ற எதிர்பார்ப்பை மாற்றினாலே பாதிச் சிக்கல் தீரும். உணர்திறன் சரிந்திருந்தால் திரையை மாற்ற வேண்டும், அல்லது வேகத்தைக் குறைக்க வேண்டும். இடைவெளி என்றால் ஆளை மாற்ற வேண்டும்.

படி 2: சோதனையைத் தேர்ந்தெடுங்கள்

மேக்வொர்த் கடிகாரத்தையே நான் பரிந்துரைப்பேன். விளக்குவது எளிது. ஒவ்வொரு தாவலும் ஒரு நிகழ்வு என்பதால் கணக்கும் சுத்தமாக வரும். சைக்கோபை, ஜேஎஸ்சைக், பெபல் ஆகிய இலவச மென்பொருள்களில் எதில் வேண்டுமானாலும் இதைக் கட்டலாம்.

வேறு இரண்டு சோதனைகளின் பெயர் அடிக்கடி அடிபடும். 1985இல் டிங்கஸும் பவலும் கொண்டுவந்த விழிப்புச் சோதனையில் 2 முதல் 10 நொடி இடைவெளியில் திரையில் எண் ஓடத் தொடங்கும். கண்டவுடன் அழுத்த வேண்டும். அரை நொடிக்கு மேல் தாமதமானால் அது நழுவல். இது தூக்கமின்மையை அளக்கத் தங்கமான கருவி. ஆனால் இதில் ‘சிக்னலா இல்லையா’ என்ற தீர்ப்பே கிடையாது. உணர்திறனையும் வரம்பையும் பிரிக்க வழியில்லை. 1997இல் ராபர்ட்சன் குழு வெளியிட்ட சார்ட் சோதனையில் 1 முதல் 9 வரை எண்கள் வரும், 3 வந்தால் மட்டும் கையை நிறுத்த வேண்டும். மொத்தமே நான்கரை நிமிடத்துக்குள் முடியும். கையை அடக்கும் திறனும் வேகமும் இதில் கலந்துவிடுவதால், அரிதான ஒன்றுக்காகக் காத்திருக்கும் வேலைக்கு இது சரியான மாதிரி அல்ல.

படி 3: எண்களை நிர்ணயியுங்கள்

இங்கே அவசரப்படக் கூடாது. நான்கு எண்கள்: நிகழ்வு வேகம், சிக்னல் எண்ணிக்கை, மொத்த நேரம், தாவலின் அளவு.

*நிகழ்வு வேகம்.* நிமிடத்துக்கு எத்தனை தாவல் என்பது. ராஜா பரசுராமன் 1979இல் ‘சயன்ஸ்’ இதழில் காட்டியது இது: நிகழ்வுகள் வேகமாக வந்து, ஒவ்வொன்றையும் நினைவில் உள்ள ஓர் அளவோடு ஒப்பிட வேண்டியிருந்தால் உணர்திறன் சரிகிறது. மெதுவான வேலைகளில் பெரும்பாலும் வரம்புதான் நகர்கிறது. நிமிடத்துக்கு சுமார் 24 நிகழ்வுகள் என்பதைத்தான் இத்துறையில் எல்லைக்கோடாக வைப்பார்கள். நொடிக்கு ஒரு தாவல் என்றால் நிமிடத்துக்கு 60. கோட்டுக்கு வெகு மேலே இருக்கிறீர்கள்.

*மொத்த நேரம்.* இரண்டு மணி தேவையில்லை. சரிவின் பெரும்பகுதி முதல் 20–35 நிமிடங்களுக்குள் முடிந்துவிடும், அதிலும் பாதி முதல் 15 நிமிடங்களுக்குள் என்று முந்தைய ஆய்வுகளைத் தொகுத்த டெய்க்னர் 1974இல் எழுதினார். 40 நிமிடம் போதும். அதை 10 நிமிடப் பகுதிகள் நான்காகப் பிரியுங்கள். பிரிவு கணக்குக்காக மட்டும். பங்கேற்பாளருக்கு அது தெரியவே கூடாது, திரையும் நிற்கக் கூடாது.

*சிக்னல் எண்ணிக்கை.* இங்கேதான் இழுபறி. மேக்வொர்த் அரை மணிக்கு 12 சிக்னல்தான் கொடுத்தார். அவ்வளவு குறைவாக இருந்தால் ஒரே ஒரு தவறு விகிதத்தை 8 சதவீதம் நகர்த்திவிடும். அதிகம் கொடுத்தாலோ அது கண்காணிப்பு வேலையாகவே இருக்காது. அரிதாக இருப்பதே ஒரு தனிக் காரணம்: 2005இல் ஜெரமி உல்ஃப் குழு ‘நேச்சர்’ இதழில் காட்டியபடி, தேட வேண்டிய பொருள் பாதிப் படங்களில் இருந்தபோது 7 சதவீதம்தான் தவறியது, நூற்றில் ஒன்றில் மட்டும் இருந்தபோது 30 சதவீதம் தவறியது. பத்து நிமிடத்துக்கு 20 சிக்னல் என்பதை நடுவழியாக வைத்துக்கொள்ளலாம். 600 தாவலில் 20, அதாவது சுமார் 3 சதவீதம். நான்கு பகுதியிலும் அதே 20. சிக்னல்கள் வரும் நேரத்தைச் சீரற்றதாக விடுங்கள், ஆனால் இரண்டு சிக்னலுக்கு நடுவே குறைந்தது 5 நொடி இருக்கட்டும். இல்லையென்றால் எந்த அழுத்தம் எந்தச் சிக்னலுக்கு என்று பின்னால் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டிவரும்.

*தாவலின் அளவு.* நூறு படி கடிகாரத்தில் ஒற்றைத் தாவல் 3.6 பாகை, இரட்டைத் தாவல் 7.2 பாகை. பெரிய திரையில் இது சிலருக்கு மிகச் சுலபம். கடைசிவரை நூற்றுக்கு நூறு வாங்குவார்கள், உங்களுக்குச் சரிவே தெரியாது. மூன்று நான்கு பேரிடம் முன்னோட்டம் பாருங்கள். தொடக்கத்தில் 80–90 சதவீதம் பிடிக்கும்படி முள்ளின் நீளத்தையோ தாவலின் அளவையோ திருத்துங்கள்.

படி 4: அறையும் ஆளும்

சுவரில் கடிகாரம் கூடாது, கையிலும் கூடாது. ‘இன்னும் ஐந்து நிமிடம்தான்’ என்று தெரிந்தால் கடைசிப் பகுதியில் கவனம் நிமிர்ந்து உட்காரும். உங்கள் வரைபடத்தின் வால் மேலே வளையும். மொத்த நேரத்தையும் சொல்லாதீர்கள். ‘ஒரு மணி நேரத்துக்குள் முடியும்’ என்பது போதும், அது நேர்மையும்கூட. போன் அறைக்கு வெளியே இருக்கட்டும். சைலன்ட்டில் மேசைமேல் கவிழ்த்து வைப்பது போதாது.

எல்லோரையும் ஒரே வேளையில் சோதியுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் வருபவரையும் காலை பத்து மணிக்கு வருபவரையும் ஒரே அட்டவணையில் போடாதீர்கள். முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினார், கடைசியாக எப்போது காபி குடித்தார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நம் ஊரில் இரண்டாவது கேள்விக்கு ‘இப்பத்தான் சார், வர்ற வழியில’ என்ற பதில்தான் அதிகம் வரும். அதையும் எழுதுங்கள்.

நீங்கள் அறைக்குள் இருக்கக் கூடாது. யாரோ பார்க்கிறார்கள் என்பதே ஒரு தூண்டுதல். மேக்வொர்த்தின் சோதனையில் நடுவே ஒரு தொலைபேசிச் செய்தி வந்ததே சரிந்த கவனத்தைத் தூக்கிவிட்டது. கதவைத் தட்டி ‘தண்ணி வேணுமா?’ என்று கேட்டீர்களானால் அந்தப் பகுதியின் தரவு கெட்டது.

ஒப்புதல் படிவம் வாங்குங்கள், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்று சொல்லுங்கள். சும்மா உட்கார்ந்து பார்ப்பதுதானே என்று நமக்குத் தோன்றும். ஆனால் இது கடினமான மூளை வேலை, மன அழுத்தம் தருவது என்று 2008இல் வார்ம், பரசுராமன், மேத்யூஸ் ஆகியோர் தொகுத்துக் காட்டினார்கள். முடிந்து வெளியே வருபவரின் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

படி 5: பயிற்சி, கண்ணுக்குத் தெரியாத ஒரு குழி

புரிய வைப்பதற்காகப் பயிற்சியில் சிக்னலை அடுக்கடுக்காகக் கொடுப்பது எல்லோருடைய வழக்கம். அப்படிப் பழகியவர் அசல் சோதனையிலும் அதே அளவு எதிர்பார்த்து உட்காருவார். சிக்னல் அவ்வளவு வரவில்லை என்று புரியப்புரிய வரம்பை உயர்த்துவார். வரைபடத்தில் அது அச்சு அசலாகக் கவனச் சரிவு போலவே தெரியும். கோல்கூனும் பேட்லியும் 1964இலேயே இதைச் சோதித்துக் காட்டினார்கள்.

எனவே பயிற்சியை இரண்டாக்குங்கள். முதலில் இரண்டு நிமிடம், அடிக்கடி சிக்னல், ‘சரி’, ‘தவறு’ என்று திரையில் காட்டுங்கள். பிறகு ஐந்து நிமிடம், அசல் சோதனையில் உள்ள அதே 3 சதவீதம், எதுவும் சொல்லாமல். அசல் சோதனையிலும் சரி, தவறு காட்டக் கூடாது. முடிவைத் தெரிவித்துக்கொண்டே போனால் சரிவு குறைகிறது என்பதும் மேக்வொர்த் காலத்திலேயே தெரிந்த விஷயம்.

படி 6: எல்லா அழுத்தங்களையும் பதியுங்கள்

ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு வரி: நேரம், சிக்னலா இல்லையா, அழுத்தினாரா, எத்தனை மில்லிநொடியில். சிக்னல் வந்து 2 நொடிக்குள் வந்த அழுத்தம் ‘பிடித்தது’. மற்ற எல்லா அழுத்தமும் ‘பொய் அலாரம்’. இந்த 2 நொடி வரையறையைத் தரவு பார்க்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.

பகுதிவாரிக் கூட்டலுக்குப் போகும் முன் ஒருவருடைய கோப்பைத் திறந்து வரிவரியாகப் பாருங்கள். கூட்டுத்தொகை காட்டாதது அங்கே தெரியும். இருபத்தாறாவது நிமிடத்தில் அடுத்தடுத்து இரண்டு சிக்னல் காலி, முக்கால் நிமிடம் கழித்து வந்த மூன்றாவதை அரை நொடியில் பிடித்திருப்பார். தவறுகள் இப்படிக் கொத்தாக வந்தால் இடைவெளியைச் சந்தேகியுங்கள். பரவலாகத் தெளித்துக் கிடந்தால் வரம்பையோ உணர்திறனையோ.

படி 7: கணக்கு

ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு விகிதம் வேண்டும்: பிடித்த விகிதம், பொய் அலார விகிதம். பொய் அலாரம் சுழியாக இருந்தால் கணக்கு உடைந்துவிடும் என்பதால் ஒரு சின்னத் திருத்தம்: எண்ணிக்கையில் 0.5, மொத்தத்தில் 1 கூட்டுங்கள். எல்லோருக்கும், எல்லாப் பகுதிக்கும் கூட்டுங்கள். சுழி வந்தவருக்கு மட்டும் என்று வைக்காதீர்கள்.

பிறகு இரண்டு விகிதத்தையும் இசட் மதிப்பாக, அதாவது இயல்நிலைப் பரவலில் அந்த விகிதம் நிற்கும் இடமாக, மாற்றுங்கள். எக்ஸெலில் ‘நார்ம்.எஸ்.இன்வ்’ (NORM.S.INV) என்ற சூத்திரம் இதைச் செய்யும். பிடித்ததன் இசட்டிலிருந்து பொய் அலாரத்தின் இசட்டைக் கழித்தால் டி-பிரைம், அதுதான் உணர்திறன். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி, குறியை மாற்றினால் சி, அதுதான் வரம்பு. சி ஏறினால் ஆள் அழுத்தத் தயங்குகிறார் என்று பொருள்.

கற்பனை எண்களை வைத்துப் போட்டுப் பார்ப்போம். முதல் பகுதியில் 20 சிக்னலில் 18 பிடித்தார், 580 வெறும் தாவலில் 6 பொய் அலாரம். டி-பிரைம் 3.46, சி 0.55.

நான்காம் பகுதியில் 13 பிடித்தார். தவறவிட்டது 2இலிருந்து 7 ஆகிவிட்டது, அவ்வளவுதான் நமக்குத் தெரிகிறது. இப்போது பொய் அலாரத்தைப் பாருங்கள்.

அது 1 ஆகக் குறைந்திருந்தால்: டி-பிரைம் 3.16, சி 1.22. உணர்திறன் கொஞ்சம்தான் இறங்கியிருக்கிறது, வரம்பு இரு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

அது 10 ஆக ஏறியிருந்தால்: டி-பிரைம் 2.46, சி 0.86. இவருக்கு உண்மையிலேயே இரண்டு தாவலும் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கிவிட்டன.

இரண்டு நிலையிலும் தவறவிட்டது அதே 7.

படி 8: டி-பிரைமையும் முழுதாக நம்பாதீர்கள்

இன்னொருவர் தொடக்கம் முதல் கடைசிவரை ஒரு பொய் அலாரம்கூடக் கொடுக்கவில்லை என்று வையுங்கள். கண்காணிப்புச் சோதனைகளில் இப்படிப்பட்டவர்கள் நிறைய. 18 பிடித்தது 13 ஆனதும் அவருடைய டி-பிரைம் 4.3இலிருந்து 3.5க்கு விழும். உணர்திறன் சரிந்தது என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் பொய் அலாரம் ஏற்கெனவே சுழியில் இருக்கிறது, அதற்குக் கீழே இறங்க இடமில்லை. அவர் வரம்பை உயர்த்தியிருந்தாலும், மனம் எங்கோ போயிருந்தாலும், எண் இதையேதான் காட்டும். உணர்திறன் சரிவு என்று அதுவரை வெளிவந்த பல முடிவுகள் இந்தத் தரைத்தட்டலால் வந்திருக்கலாம் என்று தாம்சன், பெஸ்னர், ஸ்மைலெக் மூவரும் 2016இல் வாதிட்டார்கள். எனக்கு அந்த வாதம் வலுவாகவே படுகிறது.

தப்பிக்க ஒரு வழி உண்டு. சிக்னலை ஒரே அளவில் வைக்காமல் படிப்படியாக வையுங்கள்: சாதாரணத் தாவலைப்போல் 1.3 மடங்கு, 1.6, 2, 3 மடங்கு. ஒவ்வொரு அளவுக்கும் எத்தனை சதவீதம் பிடித்தார் என்று வரைந்தால் கீழிருந்து மேலே ஏறும் ஒரு வளைவு வரும். முதல் பகுதியின் வளைவையும் கடைசிப் பகுதியின் வளைவையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள். வளைவு அப்படியே வலப்பக்கம் நகர்ந்திருந்தால் வரம்பு ஏறியிருக்கிறது. ஏற்றம் சாய்ந்து படுத்திருந்தால் உணர்திறன் சரிந்திருக்கிறது. உச்சியே தாழ்ந்திருந்தால், அதாவது கண்ணில் அறையும் மூன்று மடங்குத் தாவலையும் தவறவிட்டிருந்தால், அது இடைவெளி. அவ்வளவு பெரிய தாவலைக் காணாமல்போக வேறு காரணம் இருக்க முடியாது. மெக்கார்லியும் யமானியும் 2021இல் இந்த வழியில் போய் மூன்றும் சேர்ந்தே நடக்கின்றன என்று கண்டார்கள்.

விலை என்னவென்றால் சிக்னல் அதிகம் வேண்டும். நான்கு அளவு, ஒவ்வொன்றுக்கும் பகுதிக்கு ஐந்து என்று வைத்தால் ஒருவருடைய வளைவு ஆட்டம் காணும். நிறையப் பேரைச் சேர்த்துத்தான் படிக்க முடியும். புராஜெக்ட் சிறியது என்றால் மூன்று மடங்குத் தாவலை மட்டும் பகுதிக்கு நாலைந்து கலந்துவிடுங்கள். இடைவெளியைப் பிடிக்க அதுவே உதவும்.

படி 9: சரிவுதான் என்று எப்படி உறுதி செய்வது

நேரத்தோடு ஒன்று குறைந்தால் அது கவனத்தால்தான் என்றில்லை. கண் வறட்சி, கழுத்து வலி, சலிப்பு எல்லாம் இருக்கும். அதனால் இன்னொரு குழு வேண்டும்: அதே 40 நிமிடம், ஆனால் நடுவில் 10 நிமிட ஓய்வு. ஓய்வுக்குப் பின் எண்கள் தொடக்க நிலைக்கு ஏறினால் உங்கள் கையில் இருப்பது தொடர்ந்து பார்த்ததால் வந்த சரிவு. ஆனால் கண் வறட்சியும் சலிப்பும்கூட ஓய்வில் தணியலாம் என்பதால், இது மட்டும் அவற்றை விலக்கிவிடாது.

பகுப்பாய்வில் எல்லோருடைய சராசரியை மட்டும் வரையாதீர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு வரைந்து எல்லாவற்றையும் ஒரே படத்தில் போடுங்கள். சிலருக்குச் சரிவே இருக்காது; சிலர் எட்டாவது நிமிடத்திலேயே விழுந்திருப்பார்கள். புள்ளியியல் தெரிந்தவர்கள் ஆளுக்கு ஆள் தொடக்கமும் சரிவும் மாறலாம் என்று அனுமதிக்கும் கலப்பு மாதிரியை ‘ஆர்’ மென்பொருளில் பொருத்துவார்கள். எதிர்வினை நேரத்தைச் சராசரியாக எடுக்காமல் அதன் தலைகீழை (ஒன்றை அந்த நேரத்தால் வகுத்தது) எடுத்துச் சராசரி போடுங்கள். ஒரே ஒரு நீண்ட தாமதம் மொத்தத்தையும் இழுத்துக்கொண்டு போகாது.

படி 10: மனம் எங்கே என்று கேட்கலாமா?

நடுநடுவே திரையை நிறுத்தி ‘இப்போது என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள்?’ என்று கேட்கும் முறை உண்டு. பயனுள்ளது, ஆனால் அந்தக் கேள்வியே மேக்வொர்த்தின் தொலைபேசி மணி போல வேலை செய்துவிடும். தனிக் குழுவிடம் கேளுங்கள். உழைப்பின் சுமையை அறிய, சோதனை முடிந்ததும் நாசா-டிஎல்எக்ஸ் என்ற ஆறு கேள்விப் படிவத்தைக் கொடுத்தால் போதும்.

படி 11: ஆய்வறையிலிருந்து வேலையிடத்துக்கு

சிசிடிவி அறையிலோ எக்ஸ்ரே இயந்திரத்தின் முன்னோ இதை அளக்க வேண்டுமென்றால் முதல் தடை இது: அசல் சிக்னல் எத்தனை வந்தது என்று யாருக்கும் தெரியாது. பிடிபட்டவை மட்டும் பதிவேட்டில் இருக்கும். விமான நிலையங்களில் இதற்கு ஒரு தீர்வு இருக்கிறது. பயணிகளின் பை படங்களுக்குள் துப்பாக்கி, கத்தி போன்ற போலிப் படங்களை மென்பொருளே இடையிடையே செருகும். பார்ப்பவர் பிடித்தால் உடனே ‘இது சோதனை’ என்று சொல்லிவிடும். எத்தனை செருகினோம் என்பது தெரிவதால் விகிதம் கணக்கிடலாம். அந்த உடனடிப் பதில் கவனத்தையும் தட்டி எழுப்பும், எனவே இங்கே வரும் எண் ஆய்வறை எண்ணைவிட நல்லதாகவே இருக்கும். இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி எக்ஸ்ரே படம் பார்ப்பவர் வழக்கமாகத் தொடர்ந்து 20 நிமிடத்துக்கு மேல் பார்க்கக் கூடாது, அதன்பின் குறைந்தது 10 நிமிடம் படம் பார்க்காமல் இருக்க வேண்டும். உங்கள் இடத்துக்கு அதே 20 நிமிடம் பொருந்தும் என்று நினைத்து நகலெடுக்க வேண்டாம். நிகழ்வு வேகமும் சிக்னலின் அரிதும் வேறு. உங்கள் இடத்தின் ஷிஃப்ட்டை ஐந்து நிமிடப் பகுதிகளாக வெட்டி, போலிச் சிக்னல்களைச் சமமாகப் பரப்பி, பல நாள் தரவைச் சேர்த்து வளைவு எங்கே முறிகிறது என்று பாருங்கள். ஊழியர் பெயரைத் தரவிலிருந்து முதலிலேயே நீக்கிவிடுங்கள். இந்த எண்ணை வைத்துச் சம்பளம் குறைப்பார்கள் என்ற பயம் வந்துவிட்டால் எல்லோரும் கண்டதற்கெல்லாம் அழுத்தத் தொடங்குவார்கள். நீங்கள் அளப்பது அந்தப் பயத்தின் வரம்பாகத்தான் இருக்கும்.